நாற்பது டாலருக்கு ஒரு படிப்பு

ஹாலிவுட்டின் ‘கேஜ்டு’ (1950) படம் பற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ பார்த்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பார்கள். ஏழு குழந்தைகளின் தகப்பனைக் கட்டிக்கொள்ள வந்து, கடைசியில் கௌரவமாக விலகிப்போகும் பணக்காரச் சீமாட்டி ஒருத்தி அந்தப் படத்தில் உண்டு. அவளுக்குப் பாட்டு கிடையாது. ரசிகர்களின் அனுதாபமும் கிடையாது. ஆனாலும் அவள் வந்து நின்றால் ஜூலி ஆண்ட்ரூஸையே ஒரு கணம் மறக்கவைக்கும் மிடுக்கு. அந்த வேடத்தில் நடித்தவர் எலினோர் பார்க்கர். அதற்குப் பதினைந்து ஆண்டு முன்பு, 1950-இல், இதே பெண்மணி முடி மழிக்கப்பட்ட தலையோடு, சிறை உடுப்பில், நடுங்கும் குரலில் ஒரு படத்தை முழுக்கத் தோளில் சுமந்தார். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்கள் இது ஒரே நடிகைதானா என்று பெயர்ப் பட்டியலைத் திரும்ப ஓடவிட்டுப் பார்ப்பார்கள்.

‘கேஜ்டு’ வார்னர் பிரதர்ஸ் படம். இயக்கியவர் ஜான் குரோம்வெல், தயாரித்தவர் ஜெர்ரி வால்டு. ஓடும் நேரம் 96 நிமிடம். தொடங்குவது இருட்டில். திரை முழுக்கக் கறுப்பு, அதில் சின்னதாக ஒரு சன்னல், சன்னலின் கம்பிக்குப் பின்னால் ஊர் நகர்ந்துகொண்டிருக்கிறது. கைதிகளை ஏற்றிவரும் வண்டிக்குள் நம்மையும் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும். வண்டி நிற்கிறது. கதவு திறக்கிறது. இறங்கச் சொல்லி ஓர் அதட்டல். இறங்குகிறவர்களில் ஒருத்தி மேரி ஆலன், வயது 19.

அவள் செய்த குற்றத்தைச் சொல்ல இரண்டு வரி போதும். கணவன் ஒரு பெட்ரோல் பங்கில் கொள்ளையடிக்கப் போனபோது அவள் காரில் காத்திருந்தாள். அவன் அடிபட்டதும் ஓடிப்போய் உதவப் பார்த்தாள். கணவன் செத்துப்போனான், இவள் உடந்தை என்று உள்ளே வந்தாள். பறிபோன பணம் 40 டாலர். அதில் ஐந்து டாலர் குறைந்திருந்தால் இது பெரிய குற்றமாகவே ஆகியிருக்காது என்று சிறை வாசலிலேயே அவளுக்குக் கணக்குச் சொல்கிறார்கள். மருத்துவப் பரிசோதனையில் இன்னொரு செய்தி வருகிறது: அவள் இரண்டு மாதக் கர்ப்பிணி.

தண்டனை எவ்வளவு? ஓராண்டு முதல் பதினைந்து ஆண்டு வரை. நம் காதுக்கு இது விசித்திரமாகப்படும். இங்கே நீதிபதி ‘மூன்று வருஷம்’ என்றால் மூன்று வருஷம், கழிவு போக மிச்சம். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் பல மாநிலங்கள் தண்டனைக் காலத்தைத் திறந்தே விட்டுவைத்தன. 1870-களின் இறுதியில் நியூயார்க்கின் எல்மைரா சீர்திருத்தச் சிறையில் வேரூன்றிய யோசனை இது. கைதி திருந்தியதும் விடுவிக்கலாம், திருந்தாவிட்டால் வைத்துக்கொள்ளலாம், அவளவள் நடத்தைதான் சாவி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திருந்தினாளா இல்லையா என்று யார் சொல்வது? நடத்தை அறிக்கை எழுதுகிற வார்டரும், பல மாதங்களுக்கு ஒரு முறை கூடி ஒரு கோப்பைப் புரட்டிப் பார்க்கிற பரோல் குழுவும்தான். நாம் பரோல் என்று சொல்வது வீட்டுக் கல்யாணத்துக்கோ சாவுக்கோ கிடைக்கும் சில நாள் விடுப்பை. அங்கே அது நிபந்தனையோடு கூடிய விடுதலை. வெளியே ஒரு வேலையும் தங்க ஒரு வீடும் ஏற்பாடாகியிருந்தால்தான் கதவு திறக்கும். ஏழைப் பெண்ணுக்கு இரண்டையும் யார் ஏற்பாடு செய்வார்கள்? படத்தின் கொடூரம் முழுக்க இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. சாட்டையும் சங்கிலியும் அதற்கு அப்புறம்தான்.

எவலின் ஹார்ப்பர் என்ற வார்டர் அங்கேதான் உள்ளே வருகிறாள். நடித்தவர் ஹோப் எமர்சன், உயரம் ஆறடி இரண்டு அங்குலம். அதற்கு முந்தைய ஆண்டு ‘ஆடம்ஸ் ரிப்’ என்ற நகைச்சுவைப் படத்தில் நீதிமன்றத்தில் வைத்து ஸ்பென்சர் ட்ரேசியை அலாக்காகத் தூக்கி ரசிகர்களைச் சிரிக்கவைத்தவர் இவர். இங்கே யாரும் சிரிக்க முடியாது. ஹார்ப்பர் தன் அறையில் சாய்வு நாற்காலியில் சாய்ந்து, மிட்டாய் மென்றுகொண்டு, காதல் கதைப் பத்திரிகை படிக்கிறாள். புதிதாக வந்த பெண்ணைக் கூப்பிட்டு இதமாகப் பேசுகிறாள். நல்ல வேலை வேண்டுமா, கொஞ்சம் வசதி வேண்டுமா, வெளியிலிருந்து ஏதாவது வரவேண்டுமா, எல்லாம் கிடைக்கும், பணம் கொடுத்தால். மேரியிடம் பணம் இல்லை. அவ்வளவுதான், இதம் போய்விடுகிறது. அன்றைக்கே தரையைத் தேய்க்க அனுப்புகிறாள்.

இந்தப் பாத்திரத்தைச் சும்மா அரக்கி என்று தள்ளிவிடுகிறவர்கள் படத்தைப் பாதிதான் பார்த்திருக்கிறார்கள். ஹார்ப்பரிடம் கோபம் குறைவு, வியாபார புத்தி அதிகம். வெளியே ஆளைப் பார்க்கப் போகும் இரவில் அலங்காரம் செய்துகொண்டு கைதிகள் முன்னால் நின்று காட்டுகிற இடம் ஒன்று உண்டு. அவர்களுக்கு இல்லாதது தன்னிடம் இருக்கிறது என்று காட்டுவது அவளுக்குப் பொழுதுபோக்கு. அடிப்பதைவிட அது அதிகம் வலிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அரசியல்வாதிகளின் ஆதரவு இருப்பதால் அவளை யாரும் அசைக்க முடியாது என்பதும் தெரியும்.

இதையெல்லாம் எழுதிய பெண்மணி யார் என்று கேட்க வேண்டும். வர்ஜீனியா கெல்லாக். ‘டி-மென்’, ‘ஒயிட் ஹீட்’ ஆகிய குற்றப் படங்களுக்குக் கதை கொடுத்தவர். ‘ஒயிட் ஹீட்’டுக்காக ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றவர். இந்தக் கதைக்காக அவர் நூலகத்தில் உட்காரவில்லை. அதிகாரிகளின் ஒத்துழைப்போடு, கைதியென்ற பெயரிலேயே, பெண்கள் சிறைகளுக்குள் போய் இருந்து பார்த்தார். படம் வெளியான சமயத்தில், 1950 ஜூனில், ‘காலியர்ஸ்’ வார இதழில் தான் கண்டதைக் கட்டுரையாகவும் எழுதினார். திரைக்கதையில் அவரோடு சேர்ந்து உழைத்தவர் பெர்னார்டு ஷோன்ஃபெல்டு. வசனங்களின் கூர்மை எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுவே விடை. உதாரணத்துக்கு எல்லன் கார்பி நடித்த எம்மா. புருஷனைச் சுட்டவள். முதல் தடவை சுட முயன்றபோதே நீதிபதி பிடித்து உள்ளே போட்டிருந்தால் தான் கொலைகாரி ஆகியிருக்கவே மாட்டேன் என்று நீதிபதி மேல் குறைபட்டுக்கொள்கிறாள். அந்த வாதத்தில் ஒரு நியாயம் இருப்பதுபோல் தோன்றும்போதே சிரிப்பும் வந்துவிடும்.

இனி, இந்தப் பேச்சு சொல்ல வந்த விஷயம். 1946-இல் பிரெஞ்சு விமர்சகர் நினோ ஃபிராங்க், போர் முடிந்து பாரிசுக்கு மொத்தமாக வந்திறங்கிய சில அமெரிக்கக் குற்றப் படங்களைப் பார்த்துவிட்டு அவற்றுக்கு ‘ஃபிலிம் நுவார்’ என்று பெயர் வைத்தார். ஈரத் தெரு, பாதி முகத்தில் விழும் நிழல், சிகரெட் புகை, ஏமாறப்போகும் ஓர் ஆண். அப்புறம் அவனை ஏமாற்றப்போகும் ஒரு பெண். ‘டபுள் இன்டெம்னிட்டி’யில் பார்பரா ஸ்டான்விக், ‘அவுட் ஆஃப் த பாஸ்ட்’டில் ஜேன் கிரீர். அவர்கள் கதைக்குள் வரும்போதே முழுதாகத் தயாராகி வருகிறார்கள். அழகு இருக்கும், பொய் இருக்கும், கைப்பையில் துப்பாக்கியும் இருக்கும். இவர்கள் ஏன் இப்படி ஆனார்கள் என்று எந்தக் கதையும் நின்று கேட்பதில்லை. கேட்டால் ஆணின் சோகக் கதை கெட்டுவிடும்.

‘கேஜ்டு’ அதைக் கேட்கிறது. கேட்பது மட்டுமே அதன் வேலை. அந்தப் ‘பொல்லாத பெண்’ணைத் தயாரிக்கும் பட்டறையைப் படி படியாகத் திறந்து காட்டுகிறது. ஒளிப்பதிவாளர் கார்ல் கத்ரி நுவாரின் நிழல்களையெல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டு சிறைக்குள் கொண்டுபோகிறார்: வரிசை வரிசையாகக் கட்டில்கள், தலைக்கு மேல் அழுத்துகிற கூரை, முகங்களைக் குறுக்கே வெட்டும் கம்பி நிழல். ஆனால் இந்த இருட்டில் யாரையும் மயக்க யாரும் இல்லை. ஆண்களே கிட்டத்தட்ட இல்லை. மருத்துவர், பரோல் குழு, அரசியல்வாதி என்று வந்துபோகும் சிலருக்கு ஒரு பொது அம்சம் உண்டு. எல்லோரும் ஏதோ ஒன்றைத் தரவோ மறுக்கவோ அதிகாரம் உள்ளவர்கள். மேரியின் கணவனைத் திரை காட்டுவதே இல்லை.

தயாரிப்பு எப்படி நடக்கிறது என்பதைப் படம் அவசரமில்லாமல் சொல்கிறது. ஜூன் என்ற கைதிக்குப் பரோல் மறுக்கப்படுகிறது. அன்றிரவே தூக்கில் தொங்குகிறாள். அந்த அதிர்ச்சியில் மேரிக்குக் குறைமாதத்தில் பிரசவமாகிறது. குழந்தையைத் தன் தாய் வளர்ப்பாள் என்று நம்பிக் காத்திருக்கிறாள். தாய் வருகிறாள், மேரியின் மாற்றாந்தகப்பன் சம்மதிக்கவில்லை என்கிறாள். குழந்தையைத் தத்துக் கொடுக்க வேண்டியதாகிறது. மேரியின் பரோல் விசாரணையும் வருகிறது. வெளியே போனால் எங்கே தங்குவாள், யார் பொறுப்பு? தாய் கைவிட்ட பிறகு அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. விடுதலை இல்லை. இத்தனையிலும் யாரும் அவளைக் கை நீட்டி அடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவரும் சட்டப்படியோ, அவரவர் நியாயப்படியோ ‘முடியாது’ என்று மட்டும்தான் சொன்னார்கள்.

அப்புறம் பூனைக்குட்டி. சிறை முற்றத்தில் எங்கிருந்தோ வந்த ஒரு குட்டியை மேரி ஒளித்து வைத்து வளர்க்கப் பார்க்கிறாள். ஹார்ப்பர் அதைப் பிடுங்க வருகிறாள். கூடத்துப் பெண்கள் அத்தனை பேரும் கிளம்பிவிடுகிறார்கள். கலவரம். குட்டி செத்துப்போகிறது. ஒரு பெண்ணுக்குப் பிள்ளை போனபோது வாயடைத்து நின்ற கூட்டம் ஒரு பூனைக்காகக் கட்டிலைக் கவிழ்க்கிறது. மனித மனம் உடைகிற இடம் எப்போதுமே பெரிய இடமாக இருக்க வேண்டியதில்லை என்பது கெல்லாக்குக்குத் தெரிந்திருக்கிறது. சில விமர்சகர்கள் இந்தக் காட்சியை மிகையென்று சொல்வதுண்டு. படத்தில் மிகை இல்லாமல் இல்லை, மேரியின் தாய் வந்துபோகும் காட்சியில் கண்ணீர் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் பூனைக் காட்சி இல்லாவிட்டால் அதற்குப் பிறகு வருவதை நம்ப முடியாது. அதற்குப் பிறகு வருவது தனிக்கொட்டடி. அங்கே அனுப்புவதற்கு முன் ஹார்ப்பர் மேரியின் தலையை மழிக்கிறாள். இயந்திரத்தின் சத்தமும் பார்க்கரின் முகமும் மட்டும்தான் அந்தக் காட்சி. ஆரம்பத்தில் கேள்வி கேட்டாலே குரல் கம்மிய பெண் அதற்கு மேல் எவரிடமும் எதையும் கேட்பதில்லை. கண்ணில் ஒரு கணக்கு வந்துவிடுகிறது.

கணக்கைக் கற்றுத்தர ஆசிரியைகளுக்கும் பஞ்சமில்லை. கிட்டி ஸ்டார்க், கொலைக் குற்றத்துக்கு உள்ளே இருப்பவள், கடைகளில் திருடுகிற கும்பலுக்கு ஆள் பிடிப்பவள். திருடக் கற்றுக்கொள், வெளியே உனக்கு வேலையும் விலாசமும் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம் என்பது அவள் தரும் வாக்கு. பரோல் குழு கேட்ட அதே இரண்டு பொருள்கள். நல்லவர்களால் தர முடியாததைத் திருட்டுக் கும்பல் தருகிறது. அதற்கும் ஒரு படி மேலே எல்விரா பவல். விபசாரத் தொழிலில் பெரிய புள்ளி. பட்டுப்போல் பேசுவாள், சிறைக்குள்ளும் மரியாதை வாங்குவாள். கிட்டியை ஹார்ப்பர் தனிக்கொட்டடியில் போட்டு உடைத்து அனுப்புகிறாள். திரும்பி வந்தவள் சாப்பாட்டுக் கூடத்தில் முட்கரண்டியால் ஹார்ப்பரைக் குத்திக் கொல்கிறாள். குத்தச் சொல்லிக் கத்துகிற குரல்களில் மேரியின் குரலும் இருக்கிறது. வண்டியிலிருந்து இறங்கி வந்த அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணை அங்கே தேடினால் கிடைக்கமாட்டாள்.

இதற்கெல்லாம் மாற்றாகச் சிறைக்குள்ளேயே ஒருத்தி இருக்கிறாள். கண்காணிப்பாளர் ரூத் பென்டன், நடித்தவர் ஆக்னஸ் மூர்ஹெட். ‘சிட்டிசன் கேன்’ படத்தில் மகனைத் தன்னிடமிருந்து அனுப்பிவிடும் தாயாக வந்தவர். பென்டன் மேசை முன்னால் உட்கார்ந்து ஆசிரியர்களும் மனநல மருத்துவரும் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருக்கிறாள். ஹார்ப்பரை நீக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. பதிலுக்கு ஹார்ப்பர் பத்திரிகைக்குப் பொய்ச் செய்தி கொடுக்கிறாள். பென்டனை ராஜினாமா செய்யச் சொல்கிறார்கள். சரி, எல்லாவற்றையும் பகிரங்க விசாரணையில் சொல்லிவிடுகிறேன் என்று அவள் நிமிர்ந்து நிற்கவும், அதிகாரிகள் பின்வாங்குகிறார்கள்.

இதைக் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ரேமிங்காம் பெண்கள் சிறையின் கண்காணிப்பாளராக 1932 முதல் இருந்தவர் மிரியம் வான் வாட்டர்ஸ். கைதிகளை ‘மாணவிகள்’ என்று அழைத்தவர். அவர்களை வெளியே வேலைக்கு அனுப்பினார், தண்டனை முடித்தவர்களைச் சிறை ஊழியர்களாகவே சேர்த்துக்கொண்டார். இதெல்லாம் ஒழுங்கீனம், பெண்களுக்குள் தகாத உறவுக்கு இடம் கொடுத்தார் என்று குற்றம் சாட்டி 1949 ஜனவரியில் அவரைப் பதவிநீக்கம் செய்தார்கள். அவர் பகிரங்க விசாரணை கேட்டார். கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து கேட்டார்கள், பத்திரிகைகள் தினமும் எழுதின. ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் டீன் எர்வின் கிரிஸ்வோல்டு தலைமையிலான குழு விசாரித்து, மார்ச்சில் அவரை மறுபடி பதவியில் அமர்த்தியது. ‘கேஜ்டு’ படமாக்கப்பட்டதும் அதே ஆண்டில். பென்டன் வான் வாட்டர்ஸின் நகல் என்று சொல்ல ஆதாரம் தேவை. ஆனால் அந்த ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகை படித்தவர்கள் எவரும் பென்டனின் மேசையைப் பார்த்ததும் ஃப்ரேமிங்காமை நினைக்காமல் இருந்திருக்க முடியாது.

ஆனால் நிஜத்துக்கும் படத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வான் வாட்டர்ஸ் ஜெயித்தார். பென்டனும் பதவியில் நீடிக்கிறாள், ஆனால் மேரியைக் காப்பாற்ற முடிவதில்லை. நல்ல எண்ணம் உள்ள அதிகாரிக்கு இந்தப் படம் இரக்கம் காட்டுகிறது, வெற்றி தருவதில்லை. சீர்திருத்தப் படங்கள் பெரும்பாலும் செய்யத் துணியாத காரியம் இது.

மேரி விடுதலையாகிறாள். எல்விராவின் ஆட்கள் ஏற்பாடு செய்த போலி வேலை ஒன்றைக் காட்டித்தான். நாற்பது டாலர் திருடியதற்கு நல்ல படிப்புக் கிடைத்தது என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்கிறாள். கல்யாண மோதிரத்தை எறிகிறாள். வாசலில் கார் நிற்கிறது, உள்ளே ஆண்கள். அவள் ஏறி உட்கார்கிறாள், ஒரு கை அவள் முழங்காலில் விழுகிறது, அவள் அதை ஒதுக்கவில்லை. சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் பென்டனிடம், மேரியின் கோப்பை என்ன செய்வது என்று உதவியாளர் கேட்கிறார். எடுத்து மூட வேண்டாம், திரும்பி வருவாள் என்கிறாள் பென்டன். அன்றைக்கு ஹாலிவுட்டை ஆண்ட தணிக்கை விதிகளின்படி குற்றவாளி தண்டனை இல்லாமல் தப்பக்கூடாது. திரும்பி வருவாள் என்ற ஒரு சொல், தணிக்கைக்காரர்களுக்கும் சமாதானம் தந்திருக்கும். சிறையின் மேல் தீர்ப்பாகவும் நின்றுவிட்டது. சிகரெட்டும் உதட்டுச் சாயமுமாக அந்தக் காரில் போகிறவள், வேறொரு நுவார் படத்தின் முதல் காட்சியில் வந்து ஓர் அப்பாவி ஆணின் கதவைத் தட்டப்போகிறவள்.

வார்னர் பிரதர்ஸுக்கு இந்தப் பாதை புதிதல்ல. 1932-இல் அதே நிறுவனம் ‘ஐ ஆம் எ ஃப்யூஜிடிவ் ஃப்ரம் எ செயின் கேங்’ எடுத்தது. ஜார்ஜியாவில் சங்கிலிக் கைதியாக இருந்து தப்பிய ராபர்ட் பர்ன்ஸின் அனுபவம், பால் மூனி நடிப்பு. அந்த நாயகனும் முடிவில் திருடனாகித்தான் இருட்டுக்குள் மறைகிறான். ஆனால் அவன் ஓடி ஒளிகிறான், மேரி சிரித்துக்கொண்டே காரேறிப் போகிறாள். பதினெட்டு ஆண்டில் அந்த நிறுவனத்தின் கோபம் தணிந்து, கசப்பு கூடியிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

விருதுகள் விஷயத்தில் அந்த ஆண்டு இந்தப் படத்துக்குப் பாதி அதிர்ஷ்டம்தான். வெனிஸ் விழாவில் எலினோர் பார்க்கர் சிறந்த நடிகை ஆனார். ஆஸ்கரில் பார்க்கர், எமர்சன், திரைக்கதை என்று மூன்று பரிந்துரை, மூன்றும் கைநழுவின. ‘ஆல் அபௌட் ஈவ்’வில் பெட்டி டேவிஸும் ஆன் பாக்ஸ்டரும், ‘சன்செட் பொலிவார்டு’ படத்தில் குளோரியா ஸ்வான்சனும் போட்டியிட்ட ஆண்டு அது. அவர்கள் யாருக்கும் கிடைக்காமல் ‘பார்ன் யெஸ்டர்டே’யின் ஜூடி ஹாலிடே சிலையை எடுத்துக்கொண்டு போனார்.

பிற்பாடு பெண்கள் சிறைப் படங்கள் தனி ஒரு வகையாகவே பெருகின. 1955-இல் ஐடா லூபினோ நடித்த ‘விமன்ஸ் பிரிசன்’ வந்தது. 1962-இல் வார்னர் தன் கதையையே ‘ஹவுஸ் ஆஃப் விமன்’ என்று மறுபடி எடுத்தது. 1970-களில் ‘த பிக் டால் ஹவுஸ்’, ‘கேஜ்டு ஹீட்’ போன்றவை வந்தபோது மழிப்பு, கலவரம், கொடூர வார்டர் எல்லாம் மலிவான கிளுகிளுப்புச் சரக்காகிவிட்டன. கெல்லாக் உள்ளே போய் இருந்து கண்டுவந்த விவரங்கள் அப்படிப்பட்ட படங்களுக்கு அலமாரிச் சாமான்களாகப் பயன்பட்டது ஒரு வேடிக்கையான வரலாறு. இவற்றைப் பார்த்துவிட்டு மூலப் படத்தைத் தேடிப்போகிறவர்கள் அதில் அந்தக் கிளுகிளுப்பைத் தேடினால் ஏமாறுவார்கள்.

படத்தை எடுத்தவர்களின் கதையும் நேராகப் போகவில்லை. கெல்லாக்கின் பெயர் அதற்குப் பிறகு திரையில் அபூர்வமாகவே வந்தது. போர்க் காலத்தில் இயக்குநர்கள் சங்கத்தின் தலைவராக இருந்த குரோம்வெல், கம்யூனிஸ்ட் வேட்டையில் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டார். 1951-இல் ‘த ராக்கெட்’ முடித்ததோடு சினிமாக் கதவுகள் சாத்திக்கொண்டன. அவர் நாடக மேடைக்குத் திரும்பினார். 1952-இல் ‘பாயின்ட் ஆஃப் நோ ரிட்டர்ன்’ நாடகத்தில் நடித்ததற்காக டோனி விருது வாங்கினார். ஹாலிவுட் அவரை மறுபடி ஒரு படம் இயக்க அழைத்தது 1958-இல்தான். படத்தின் பெயர் ‘த காடஸ்’. ஒரு நட்சத்திர நடிகையை அவளுடைய புகழே தின்று தீர்ப்பதைச் சொல்லும் கதை.